அக்கா மகளின் காது

அக்கா மகளுக்குக் காது குத்தாமல் போனதற்கு நான்தான் காரணம். மறந்துபோனேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. ஊருக்கு வர வெட்கப்பட்டேன்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. செட்டிகுளம் மலைமேல் முருகனிடம், "என் தம்பி மடியிலதான் குத்துவேன்" என்று அவள் வேண்டிக்கொண்டபோது நான் இத்தாலிக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணமும் செய்திருந்தேன். பாடாலூர்ப் பக்கம் எங்களுக்கு நிறைய நிலம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். நான் ஊருக்கு வந்தால் மனைவியும் வருவாள், பார்த்துவிடுவாள். லீவு கிடைக்கவில்லை, அடுத்த தையில் வருகிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். அடுத்த வருடமும் அதையே எழுதினேன். அவள் நம்பினாள்.

குழந்தைக்கு மொட்டை மட்டும் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவளை மூளிக்காது என்று கூப்பிட்டார்களாம். கல்யாணத்தன்று கவரிங் தோட்டை நூலால் காதில் கட்டித் தொங்கவிட்டார்களாம். அந்தக் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. அக்கா செத்ததற்கும் போகவில்லை.

போன தை மாதம்தான் மனைவி, மகள், பேத்தியோடு வந்தேன். கிளம்புமுன் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "இதற்காகவா?" என்று கேட்டாள். இரண்டு நாள் பேசவில்லை.

"வாங்க மாமா. அத்தையச் சேர்ல உக்காரச் சொல்லுங்க" என்றாள் அக்கா மகள். நாற்பதைத் தாண்டியவள். காது அப்படியே இருந்தது. நான் அவளுக்கென்று வாங்கிவந்த தங்கத் தோட்டை எடுத்து நீட்டி, காது குத்த மலைக்கு வரச் சொன்னேன்.

"இந்த வயசுல உங்க மடியிலயா? முட்டி என்னத்துக்கு ஆவும் மாமா!"

"ஆம்புலன்சுக்கு முன்னாடியே சொல்லி வச்சிடலாம்" என்றார் அவள் கணவர்.

எல்லோரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள். "அம்மா நேந்துகிட்டது. அதுக்காக வரேன் மாமா. உங்களுக்காக இல்ல."

மலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கால்மேல் ஒரு கையை மட்டும் வைத்தாள். பேத்தி மறுகையைப் பிடித்துக்கொண்டாள். "சதை தடிச்சுப்போச்சும்மா, வலிக்கும்" என்றார் ஆசாரி. அவள் சத்தமே போடவில்லை. நான்தான் அழுதேன்.

"முடிஞ்சுதா?" என்று ஆசாரியைக் கேட்டாள்.

மூன்றாம் நாள் இரண்டு காதும் வீங்கிச் சீழ் வைத்துவிட்டன. பெரம்பலூர் டாக்டர் தோட்டைக் கழற்றச் சொன்னார். நாங்கள் விடைபெறப் போனபோது காதில் மஞ்சள் மருந்து மட்டும் இருந்தது.

"ஆறினதும் மறுபடி குத்திக்கலாம்மா. நான் வரேன்" என்றேன்.

"வேணாம் மாமா. ஓட்டை தானா தூர்ந்துரும். அம்மா வேண்டுதல் முடிஞ்சுபோச்சு."

தோட்டைக் காகிதத்தில் மடித்துப் பேத்தி கையில் வைத்தாள். பேத்தி இப்போது அதைத்தான் போட்டிருக்கிறாள். தினமும் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்காருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போன் செய்கிறேன். அக்கா மகள் இரண்டு தடவை பேசினாள். அதன்பிறகு அவள் கணவர்தான் எடுக்கிறார்.

"வேலைக்குப் போயிருக்கா மாமா. லீவு கிடைக்கல. அடுத்த வாரம் பேசச் சொல்றேன்."

சரி என்று வைத்துவிடுகிறேன்.