உறுமாத நாய்

எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று தீர்மானித்தது ஐயா அல்ல, ஒரு குரங்கு.

கண்டியில் நாங்கள் இருந்த வாடகை வீடு உடவத்தைக் காட்டின் ஓரத்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு, தங்கச்சி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். காட்டுக் குரங்குகள் முதலில் கூரைக்கு வந்தன. பிறகு கொய்யா மரத்துக்கு வந்தன. பிறகு ஒருநாள் அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் ஒரு பெரிய கடுவன் குரங்கு யன்னல் வழியாக உள்ளே வந்து, தங்கச்சியின் தொட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவளுடைய முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் அது ஓடிவிட்டது. தங்கச்சி அழவேயில்லை. குரங்கு போன திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அதிகம் பயப்படுத்தியது அந்தச் சிரிப்புத்தான்.

அன்று சாயந்தரம் ஐயா நாய்ப் பேச்சை எடுத்தார். சைவ வீட்டில் நாயா என்று வேறு நாளென்றால் அம்மா கேட்டிருப்பார். அன்று, அடுப்படியைத் திரும்பிப் பார்த்து, "குசினிப் பக்கம் வராத நாயாப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஐயா எதையும் புத்தகத்தில் பார்க்காமல் செய்யமாட்டார். கச்சேரியில் யாரிடமோ ஓர் ஆங்கிலப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்தார். பக்கத்துக்கு ஒரு நாய்ப் படமும், கீழே அந்தச் சாதியின் குணங்களும் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். இது பிள்ளைகளோடு நல்லது. இது பிள்ளைகளோடு அவ்வளவு நல்லதில்லை. தம்பி இதைச் சாப்பாட்டு விஷயமாக எடுத்துக்கொண்டான். சோற்றோடு பருப்பு நல்லது என்று அம்மா சொல்வதைப்போல. எந்த நாய் எங்களைத் தின்னும் என்று என் காதுக்குள் கேட்டான். எனக்கும் அது அவ்வளவு தெளிவாக இல்லாததால், வாய் சிறியதாக இருந்த ஒரு நாயைக் காட்டி, இதென்றால் கனநேரம் எடுக்கும் என்று ஆறுதல் சொன்னேன்.

நாய் தேடும் வேலை மாமாவிடம் வந்தது. மாமா அம்மாவின் தம்பி. அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நாய்க்கும் தனக்கும் என்ன தொடர்பு என்று முதலில் முணுமுணுத்தார். "நீர் யன்னலைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர். போய் நாயைப் பாரும்" என்று ஐயா சொல்லிவிட்டார்.

தேயிலை விலை விழுந்திருந்த காலம் அது. ஹந்தானையிலும் ஹேவாஹெட்டையிலும் தோட்டத் துரைமார் சிலர் வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கதிரை, அலுமாரிகளை ஏலத்தில் விற்றார்கள். நாய்களை என்ன செய்வதென்று தெரியாமல் பேராதனை வீதியில் இருந்த ஒரு பறங்கிக் கிழவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். என்ஜின் சத்தத்தில் முப்பது வருடம் நின்றதால் காது பெரும்பாலும் கேட்காது. நாய்களை அவர் விற்பதில்லை. நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார். குழந்தைகள் இருக்கிற வீடென்றால் ஒரு கிழமை, ஏழு நாள், வைத்துப் பார்க்கலாம், சரிவராவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம், வேறொன்று தருவேன் என்பது அவருடைய ஏற்பாடு.

பிள்ளையோடு நாய் எப்படிப் பழகுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டுமே. அதற்காக மாமாவோடு என்னையும் அனுப்பினார்கள். கதவைத் திறந்தது கிழவரின் மகள். இருபது வயதிருக்கும். சின்னப்பிள்ளைகளின் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தன்னை வளர்த்த ஆயாவிடம் பழகிய தோட்டத்துத் தமிழ் பேசினாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். மாமா உடனே உட்கார்ந்தார்.

முதல் கிழமை வந்தது வெள்ளை உடம்பில் மண்ணிற மறு வைத்த ஒரு டெரியர். குரங்குகளைக் கண்டு விடாமல் குரைத்தது. குரங்குகளுக்கு அது பிடித்துப்போனது. மரத்திலிருந்து கொய்யாப்பிஞ்சுகளை எறிந்து அதைக் குரைக்கவைத்து விளையாடின. மூன்றாம் நாள் அது தம்பியின் குதிக்காலைப் பல்லால் பிடித்தது. அதைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

இரண்டாவது ஒரு புல்டோக். ஐயாவின் மேலதிகாரியின் முகம் அதற்கு. அது யாரையும் கடிக்கவில்லை, யாரையும் விரட்டவும் இல்லை. படுத்த இடத்தில் குறட்டை விட்டது. அந்தச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று மாமா புகார் சொன்னார். மாமா படிக்க விரும்புகிறார் என்பதே ஐயாவுக்கு நல்ல செய்தியாக இருந்ததால் அதுவும் போனது.

சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒரே ஒழுங்குதான் நடக்கும். கிழவர் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய் நாய்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். மகள் எனக்குக் கஜுப்பருப்புப் போட்ட கேக் துண்டொன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போவாள். மாமாவும் அவளும் முன்னறையில் நாயைப் பற்றிக் கதைப்பார்கள். ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். நடுவில் பியானோச் சத்தம் கேட்கும். கிழவருக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். நாய்களெல்லாம் பின்னால் எங்களோடு நிற்கின்றன, நாயைப் பற்றிய பேச்சு முன்னறையில் நடக்கிறது. இதை எப்படிப் பொருத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் நாயைப் பார்க்காமலே அதன் குணத்தைச் சொல்லக்கூடியவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஐயாவும் புத்தகத்தைப் பார்த்துத்தானே சொன்னார்.

மூன்றாவதாக வந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய நாய். தண்ணீரில் விழுந்த பறவைகளை வாயால் கவ்விக்கொண்டுவரும் சாதி என்று ஐயா புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். எங்கள் வீட்டில் கவ்விக்கொண்டுவரப் பறவை இல்லாததால் அது தம்பியின் செருப்பைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தது. முதல் நாளே ஒருதரம் குரைத்தது. அந்த ஒன்றோடு குரங்குகள் மரத்தை விட்டுப்போயின. தங்கச்சி அதன் முதுகு மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையில் முதன்முறையாக எழுந்து நின்றாள். அது அசையவில்லை. அவள் விழுந்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டது. நாலாம் நாள் அம்மா குசினி வாசற்படிக்கு வெளியே ஒரு பழைய தட்டில் அதற்குச் சோறு வைத்ததை நான் கண்டேன். நான் கண்டதை அம்மாவும் கண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா ஐயாவிடம் போய், இந்த நாய் சரிவராது என்றார். தங்கச்சியைப் பார்த்து உறுமியதாம். தன் கண்ணால் கண்டாராம்.

"நீயும் பக்கத்திலை நிண்டனிதானே பிள்ளை? கேட்டனிதானே?" என்று என்னிடம் திரும்பினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாமா பெரியவர், இங்கிலீஷ் படித்தவர், என் தலையைத் தடவிக்கொண்டு கேட்கிறார். எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. "ஓம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. அன்று பொழுதுபடும்வரை அந்த நாயின் தொண்டையில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளே மூச்சும் நெஞ்சடிப்பும் கேட்டன. ஒருதரம் அது என் காதை நக்கியது. உறுமல் மட்டும் வரவில்லை.

மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுபோனோம். வாவிக்கரை முழுதும் நான் அழுதுகொண்டே நடந்தேன். நாய் சந்தோஷமாக நடந்தது. கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்துக் குனிந்து, "இவன் என்ன பாப்பா தப்பு செஞ்சான்?" என்று கேட்டாள். தங்கச்சியைப் பார்த்து உறுமினது என்றேன். அவள் நாயைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவும் சிரித்தார். ஒரு நல்ல நாய்க்குக் கெட்டபெயர் வந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று நான் கேக் சாப்பிடவில்லை.

நாலாவது நாய் நீளமாக இருந்தது. கால்கள் பெயருக்குத்தான். "இதென்ன, உடும்போ?" என்றார் அம்மா. அது வந்த மூன்றாம் நாள், முன்பு தொட்டிலில் உட்கார்ந்த அதே கடுவன் விறாந்தைக்கு வந்தது. நீளநாய் போய் அலுமாரிக்கு அடியில் புகுந்தது. தம்பியின் கையில் வாழைப்பழம் இருந்தது. அவன் கொடுக்கவில்லை. குரங்கு அவனது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நகத்தால் கிழித்துவிட்டுப் பழத்தோடு போனது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நான் அவ்வளவு இரத்தம் அதற்கு முன்பு கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐயா கதிரையில் உட்கார்ந்தார். பிறகு, அந்த மஞ்சள் நாய் நின்றிருந்தால் இது நடந்திராது என்றார்.

"அது குழந்தையைப் பார்த்து உறுமின நாயெல்லே" என்றார் அம்மா.

கட்டுப்போட்ட கையோடு தம்பி என் மடியில் படுத்திருந்தான். "உறுமேல்லை, ஐயா" என்றேன்.

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனி?"

"மாமா கேட்டவர்."

ஐயா என்னை அதட்டவில்லை. கச்சேரியில் ஆட்களிடம் கேட்பதைப்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே போனால் மாமா என்ன செய்வார்? நாயைப் பற்றிக் கதைப்பார். யாரோடு? அந்த அக்காவோடு. எங்கே? முன்னறையில். நாய் எங்கே நிற்கும்? பின்வளவில், தாத்தாவோடும் என்னோடும். அதற்கு மேல் ஐயா கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கேட்காமலே நான் பியானோவைப் பற்றியும் கேக்கைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் சிரித்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் நாய் திரும்பி வரும் என்பது என் எண்ணம்.

மாமா வந்ததும் என்னையும் தம்பியையும் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். சத்தம் பெரிதாக வரவில்லை. அம்மா அழுவது கேட்டது. சேர்ச்சுக்குப் போகிறவர்களை அம்மா வேதக்காரர் என்பார்; "வேதக்காரப் பெட்டை" என்ற சொல் இரண்டு மூன்று தரம் கேட்டது. நாயைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். பொய் நாயைப் பற்றியது, வழக்கு வேறெதையோ பற்றியது.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் மாமா யாழ்ப்பாணம் போனார். பரீட்சைக்கு அங்கே அமைதியாகப் படிக்கலாம் என்று எனக்குச் சொன்னார்கள். பெட்டியைத் தூக்குவதற்கு முன் மாமா என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "நீ பொய் சொல்லேல்லைத்தானே பிள்ளை. அது நல்லது" என்றார். நல்லது என்று சொல்கிறவரின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று தெரியாமல் நான் தலையாட்டினேன்.

அன்று காலையே ஐயா என்னையும் நீளநாயையும் கூட்டிக்கொண்டு பேராதனை வீதிக்குப் போனார். கிழவரோடு முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார். கிழவருக்குக் காது கேட்காததால் ஐயா கொஞ்சம் உரத்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பின்வளவில் மஞ்சள் நாய் என்னைக் கண்டதும் ஓடிவந்து என் செருப்பைக் கழற்றிக் கையில் தந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். கையில் கேக் இல்லை. நாயின் கழுத்துப்பட்டியும் அதைச் சீவுகிற தூரிகையும் இருந்தன.

"மாமா வரலையா பாப்பா?"

எனக்கு எல்லாச் செய்தியும் தெரியும் என்பதில் ஒரு பெருமை இருந்தது. "மாமா விடிய ரயிலிலை யாழ்ப்பாணம் போட்டார். இனி வரமாட்டார். ஆவணியிலை அவருக்குக் கலியாணம் எண்டு அம்மா சொன்னவ" என்றேன். பிறகு முக்கியமான விஷயத்தைச் சொன்னேன். "இந்த நாய்தான் எங்களுக்குச் சரி. உறுமினது எண்டது பொய். பொய் எண்டு நான்தான் ஐயாவிட்டைச் சொன்னனான்."

அவள் முழந்தாளிட்டு நாய்க்குக் கழுத்துப்பட்டியைப் போட்டாள். கொளுக்கியை மாட்ட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு நாயின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாய், தங்கச்சி எழுந்து நின்றபோது நின்றதைப்போலவே, அசையாமல் நின்றது.

நாங்கள் நாயைக் கொண்டுபோவதால்தான் அழுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நாயைப் பிரிகிறது எப்படி இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். பக்கத்தில் போய் அவளுடைய முதுகைத் தடவினேன். நாங்கள் நல்லாகப் பார்ப்போம், அம்மா தட்டில் சோறு வைக்கிறவ, ஒருநாளும் அடிக்கமாட்டோம் என்று சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு ஆம் என்பதுபோலத் தலையாட்டினாள். ஐயா கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய ஆளைத் தேற்றிவிட்ட திருப்தியோடு நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.