தன் விடுதியில் தானே தங்கியவர்

அப்பா இறந்த பிறகு, ஏரிக்கரை விடுதியை விற்றுவிடும் எண்ணத்தோடுதான் மகள் வந்தாள். ஐந்தே அறைகள். மின்பொறியாளரான அவள் கண்ணில் முதலில் பட்டது வயரிங். நான்கு அறைகளில் விளக்கு சுவிட்ச் கதவருகிலிருந்து கட்டில் தலைமாட்டுக்கு மாறியிருந்தது. ஐந்தாவதில் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

“ஏம்மா, இதெல்லாம் யார் மாத்தினது?”

“உங்கப்பாதான். கொரோனாவுல யாரும் வரக் கூடாதுன்னுட்டாங்க. மனுஷன் சும்மா இருப்பாரா? பெட்டியும் கையுமா ஒவ்வொரு ரூமாப் போய்த் தங்கினார். விடிஞ்சா கவுன்டருக்கு வந்து எங்கிட்டயே புகார். படுத்தப்புறம் லைட்டை அணைக்க எழுந்திரிக்கணுமாம்.”

“நீ என்ன சொன்னே?”

“‘மன்னிச்சுடுங்க சார்’னு சொல்ற வரைக்கும் நகர மாட்டார். இத்தனை வருஷம் விடுதி நடத்தியும் விருந்தாளியா எங்கேயும் தங்கினதே இல்லையேன்னு அப்பதான் தோணுச்சாம்.”

“அஞ்சாவது ரூம்?”

“அதுக்குள்ள தடையை எடுத்துட்டாங்க. நிஜ விருந்தாளிங்க வந்துட்டாங்க.”

அப்பாவுக்கு அங்கே என்ன குறை கண்ணில் பட்டிருக்கும்? தெரிந்துகொள்ளாமல் மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று அந்த அறையிலேயே படுத்தாள். காலையில் கவுன்டருக்குப் போய் நின்றாள்.

“மேடம், தண்ணி மோட்டார் சுவரையே உதறுது. தூங்கவே முடியல.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“விக்கப் போற இடத்துக்கு எதுக்குடி இந்தக் குறையெல்லாம்? மத்தியானம் வாங்கறவர் வேற வர்றார்.”

“ரூம் காலி இல்லைன்னு சொல்லிடும்மா” என்றாள் மகள். மோட்டாருக்கு அடியில் வைக்க ரப்பர் தேடிக் கிளம்பினாள்.