ஆ செங் கடைக்கு நான் அடித்த பலகை

போன வாரம் கிளமெண்டியில் ஒரு கடைத் திறப்பு விழா. கடை ஆ செங்குடையது. பெயர்ப் பலகை மட்டும் அடியேன் கைங்கரியம்.

ஆ செங் யாரென்றால், சிராங்கூன் ரோட்டில் என் டைப்பிங் கடைக்குப் பக்கத்தில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் சீனன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் என்னைவிடச் சுத்தமாகத் திட்டுவான்.

நான் புதிதாக ஒரு ஜப்பான் வேர்ட் பிராசஸர் வாங்கியிருந்தேன். சேல்ஸ்மேன் இரண்டு டிஸ்க் கொடுத்தார். "இது ஜப்பான், இது சீனம். எந்த மொழின்னு மொதல்ல மெஷினுக்குச் சொல்லிடுங்க சார்." கேட்டேனா? ஜப்பான் டிஸ்க் ஏற்கெனவே உள்ளே இருந்தது. எதற்கு மாற்றிக்கொண்டு...

எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. ஆனால் தைரியம் உண்டு! ஆ செங்கின் அப்பா சீனத்தில் கைப்பட எழுதிக் கொடுத்த கடைப் பெயரைப் பார்த்துப் பார்த்து, திரையில் அதே மாதிரி தெரிந்ததைப் பொறுக்கினேன். நடுவில் 'ஹுவாட்' என்றோர் எழுத்து. செழித்துப் பெருகு என்று பொருளாம். இந்த ஊர்ச் சீனக் கடைப் பெயர்களில் அடிக்கடி பார்க்கலாம். அதுதான் அகப்படவில்லை. மேல்பாதி அச்சாக அதே போல ஒன்று இருந்தது. கீழ்ப்பாதி கொஞ்சம் வேறு. போகட்டும், எல்லாம் கோடுதானே?

இங்கிலீஷ் பள்ளியில் படித்ததால் சீனம் வாசிக்கத் தெரியாத ஆ செங் பிரிண்டைப் பார்த்து, "சூப்பர் அண்ணே!" என்றான். அதைப் பெரிதாக்கிப் பலகையும் செய்தாகிவிட்டது.

திறப்பு நாள் காலையில் பெரியவர், அதாவது ஆ செங்கின் அப்பா, வந்தார். பலகையை மூடியிருந்த சிவப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இனி ஜப்புன் புஞா!"

ஜப்பான்காரனுடையது என்று மலாயில் ஒரு கத்தல். அந்த எழுத்தை அப்படி எழுதுகிறவர்கள் ஜப்பானியர்களாம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் கூட்டிப்போன அவருடைய அண்ணன் திரும்பவேயில்லை. இந்தப் பலகைக்குக் கீழே கால் வைக்க மாட்டேன் என்று எதிர்க் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். முதல் ஊதுபத்தி அவர்தான் ஏற்ற வேண்டும்.

"என்னா அண்ணே இது! எங்கப்பா உள்ள வரலன்னா எனக்குக் கடையே வேணாம் லா!"

"ஒரே ஒரு எழுத்துடா... அதுவும் பாதி சரிதான்."

என் மனைவி விடுவாளா? "ஏங்க, நம்ம பேப்பர்ல எழுத்துச் சீர்திருத்தம்னு 'லை'க்குத் தும்பிக்கைய எடுத்தப்ப நீங்க என்ன ஆட்டம் ஆடினீங்க? அதுவும் அதே எழுத்துதான?"

அந்தத் தும்பிக்கை போன துக்கத்தில் ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதத்தை நீங்களும் படித்துச் சிரித்தவர்கள்தானே!

ஏணியைக் கொண்டுவந்தார்கள். ஏறியது யார்? என் தொந்திதான் முதலில் ஏறியது, பின்னாலேயே நான். பலகையைக் கழற்றி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பெரியவர் வெறும் சுவரை அண்ணாந்து பார்த்தார். காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகுதான் எழுந்து வந்து பத்தி ஏற்றினார். கடை பெயரே இல்லாமல் பிறந்தது.

நேற்று சீன டிஸ்க்கைப் போட்டு, பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் தலையாட்டிய பிறகே பிரிண்ட் எடுத்தேன். மனிதர் குளிர்ந்துபோனார். பதிலுக்கு என் கடைக்குத் தமிழ்ப் பலகை அவரே எழுதித் தருகிறாராம்.

தமிழ் தெரியுமா என்றேன். எதற்கு என்கிறார்... எல்லாம் சுழிதானே, மலையாளத்தைப் பார்த்து எழுதினால் போதாதா?