மாப்ளயின் காது

மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்கு ஈ வந்துவிடும். சோற்றுத் தட்டில் உட்காருகிற ஈயைச் சொல்லவில்லை. இது கடிக்கிற ஈ. பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஊசி குத்தினாற்போல் சுருக்கென்ற பிறகுதான் வித்தியாசம் தெரியும். நாங்கள் மாட்டு ஈ என்போம். மாட்டுக்குக் காலில் கடிக்கும். மாடு காலை உதைத்து, வாலை வீசி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நாய்க்குக் காது நுனியில் கடிக்கும். தலையை உதறுவதைத் தவிர நாயால் ஒன்றும் செய்ய முடியாது. உதற உதற ஈ எழும்பி, திரும்ப அதே புண்ணில் உட்காரும்.

செஞ்சியில் மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் வீடு. சிமெண்ட் ஷீட் போட்டது. பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. ஒரு பசு, ஒரு கன்று, ஒரு நாய். நாய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை. குட்டியாக அது கோட்டை அகழி ஓரத்தில் மழையில் நனைந்து கிடந்தபோது நைனா துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வந்த அன்றிலிருந்தே "மாப்ள" என்றுதான் கூப்பிட்டார்.

"பொண்ணு பொறக்காத வூட்டுக்கு மாப்ளயாம்" என்று அம்மா குத்துவாள்.

அதன் காதுகள் பெரியவை, எப்போதும் நட்டுக்கொண்டு நிற்பவை. மலையில் குரங்கு அசைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். அந்தக் காதுகளின் நுனியைத்தான் ஈ ஒவ்வொரு மழைக்கும் தின்னும். முதலில் முடி கொட்டும். பிறகு கறுப்பாகப் பொருக்கு கட்டும். நாய் தலையை உதறினால் பொருக்கு பிய்ந்து, சுவரில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும்.

நைனாவின் வைத்தியம் வேப்பெண்ணெய். கொல்லையிலிருந்து வந்து, மாட்டைத் துடைத்துக் கட்டிவிட்டு, கொட்டகை மூலையில் வேப்பிலை மூட்டம் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்காருவார். பீடி பற்ற வைப்பார். கொட்டாங்குச்சியில் மஞ்சள்தூள் குழைத்த எண்ணெய் தயாராக இருக்கும். தோளில் கிடக்கும் பச்சைக் கரைத் துண்டை எடுத்து நாயின் முகத்தின்மேல் போடுவார். துண்டு விழுந்ததும் நாய் அப்படியே அடங்கிவிடும். அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு இரண்டு காதையும் கொடுக்கும்.

"இன்னா மாப்ள, உம்முனு இருக்கற? மாமியா சோறு போடலியா?"

"போட்டேன், போட்டேன். உனக்கு முன்னாடி அதுதான் துன்னுச்சு" என்று உள்ளேயிருந்து அம்மா.

"பாத்தியா மாப்ள. சோத்தப் போட்டுட்டு சொல்லிக் காட்றா."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் உலகத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் நைனா என்னிடம்தான் கேட்பார். "டேய் படிச்சவனே, இத்தாம் பெரிய ஒடம்பு இருக்குது, ஈ ஏன்டா காதையே கடிக்குது? போன்ல பாத்து சொல்லு." நான் பார்த்துச் சொன்னேன். நுனியில் தோல் மெல்லிசு, முடி குறைவு, ரத்தம் மேலாக ஓடும், அதனால்தான் என்று. நைனா துண்டுக்குள் குனிந்தார்.

"கேட்டியா மாப்ள, உனுக்குத் தோலு மெல்லிசாம். கோட்டையில பொறந்தவன் இல்ல? ராஜ ஒடம்பு."

நான் சென்னையில் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை கால்நடை மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக்கொண்டு வந்தேன். நைனா அதை மறுக்கவில்லை. எண்ணெயைத் தடவி, அதன்மேல் என் களிம்பையும் தடவினார். எனக்காகத்தான் தடவுகிறார் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது.

புரட்டாசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சு பூராவும் பீடிப் புகைதான் என்று அம்மா திட்டிக்கொண்டே கஷாயம் போட்டாள். நான் லீவு போட்டு வந்திருந்தேன். ஒரு காலையில் அவரால் உட்காரவும் முடியவில்லை. ஆட்டோ கொண்டுவந்து நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் தூக்கி உட்கார வைத்தோம். நாய் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி வந்தது. நைனா பேச முயன்றார். எனக்கு ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். அவர் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

"காதுக்கு… எண்ண வையி. ஈ மொய்க்கும்."

"மூச்சு வுட முடியல, நாய்க் காது ஒண்ணுதான் கொறச்சல்" என்று அம்மா புடவை முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "வைக்கிறேன், வைக்கிறேன். நீ போயிட்டு வா."

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவரை உயிரோடு கொண்டுவர முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவர் உபயோகித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. பாய், தலையணை, வேட்டி, சட்டை எல்லாம் பாடையோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். பெரியப்பா முன்னால் நின்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினார். கட்டிலையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிப் பையில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அம்மாதான் ஓடிப்போய் எடுத்துவந்து மூட்டைமேல் வைத்தாள். "இதுவும் அவருதுதான்" என்றாள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று அவளுக்கு. எடுத்துவைத்தவளையும் தப்புச் சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் செய்கிறது. காரியத்துக்கு முன்னால் வீடு முழுக்கக் கழுவி, சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தோம். பீடி நாற்றம் கூட மிச்சமில்லாமல் வீடு சுத்தமாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மழை. அதற்கப்புறம் வெயில். ஈ வந்துவிட்டது.

நாய் கட்டில் கிடந்த இடத்திலேயே படுத்திருந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சிக்கொண்டு போனாள். காதில் கை படுவதற்குள் உர்ரென்று பல்லைக் காட்டியது. அம்மா கையில் சோறு தின்கிற நாய் அது. அவளால் நம்பவே முடியவில்லை.

"ஏண்டா, நான் யாரு? உன் மாமியாடா."

திரும்பக் கையை நீட்டினாள். எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது. அம்மா தன் முந்தானையை முகத்தில் போட்டுப் பார்த்தாள். என் துண்டைப் போட்டேன். கடையிலிருந்து அதே மாதிரி பச்சைக் கரை போட்ட துண்டு வாங்கிவந்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "தடவ விட்டாலே ஆறிடும் தம்பி. முடியலன்னா வாயக் கட்டிக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். கயிற்றைப் பார்த்ததும் பாறைமேல் ஏறி ஓடிவிட்டது. பசித்த பிறகுதான் இறங்கியது.

காது நுனி இரண்டும் பிளந்துபோயின. ஒரு காதில் வெள்ளையாக ஏதோ நெளிவதை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் பார்த்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. புதிதாக வெள்ளை அடித்த சுவரில் திரும்பவும் ரத்தப் பொட்டுகள். அம்மா அவற்றைத் துடைக்கத் தண்ணீர் எடுத்தவள் சொம்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாருடா அந்த மனுசன். சொத்தா கேட்டாரு?"

நான் லீவை நீட்டிக்கொண்டு கூடவே இருந்தேன். மேல்மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ்கள் போய்க்கொண்டிருந்த அன்று காலையில் அம்மா எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். "வா, போய் அந்தத் துண்டக் கேட்டு வாங்கியாரலாம்."

"எந்தத் துண்டு?"

"உங்க நைனாது."

சுடுகாட்டில் போட்ட துணியைத் திருப்பிக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஏற்கனவே தெருவில் இறங்கிவிட்டாள்.

சுடுகாட்டு வேலை பார்ப்பவரின் வீடு ஏரிக்கரைப் பக்கம். அங்கே விடப்படும் துணிகளில் ஆகிறதை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இன்னாம்மா, யாரு?"

சாவு சொல்வதைத் தவிர அவரைத் தேடி வேறு எதற்கும் யாரும் போவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாருமில்லண்ணா" என்றாள் அம்மா. "அன்னிக்குப் போட்டமே, ஒரு துண்டு. பச்சக் கரை."

அவர் கை தலைக்குப் போனது. துண்டு அங்கேதான் முண்டாசாக இருந்தது. அவர் மனைவி வாசலிலிருந்தே சொன்னாள்: "போட்டதத் திருப்பிக் கேக்கறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்."

அம்மா நாயைப் பற்றிச் சொன்னாள். காது, ஈ, ஆட்டோவில் சொன்னது, எல்லாம். சிரிக்கப் போகிறார்கள் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் முண்டாசை அவிழ்த்து உதறி, மடித்துக் கொடுத்தார்.

"ஆனா சோப்பு போட்டுத் தொவச்சிட்டோமேம்மா. அவரு வாசன இன்னா இருக்கப் போவுது?"

அம்மா துண்டை மூக்கில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு, "பீடி வச்சிருக்கியா?" என்றாள்.

"உனக்காம்மா?"

"எனக்குதான். குடு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பீடிக் கட்டை அப்படியே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொட்டகைக்குப் போனாள். துண்டால் பசுவின் கழுத்தையும் முதுகையும் அழுத்தித் துடைத்தாள். கொட்டாங்குச்சியிலிருந்து வேப்பெண்ணெயைத் தொட்டுக் கரையில் தேய்த்தாள். வேப்பிலை மூட்டத்தில் கொஞ்ச நேரம் பிடித்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் பீடியைப் பற்ற வைத்தாள். இழுத்து, துண்டுக்குள் ஊதினாள். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திரும்ப இழுத்தாள்.

"குடும்மா, நான் ஊதறேன்."

"நீ தொடாத. இந்த வூட்ல ஒருத்தன் ஊதனது போதும்."

வாழ்நாள் முழுக்க அந்தப் பீடியைத் திட்டியவள். ஒவ்வொன்றாகப் பற்ற வைத்து, அவர் வாசனை வருகிறதா என்று துண்டை மோந்து மோந்து பார்த்தாள். ஒரு கட்டத்தில் மோந்தவள் முகத்தைத் துண்டிலிருந்து எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அவள் கூப்பிடவில்லை. நாய் தானாக வந்தது. வாசல்படியில் நின்று காதை நட்டுக்கொண்டு, மூக்கைத் தூக்கியது. வால் ஆடத் தொடங்கியது. மெதுவாக ஆடிய வால் பிறகு உடம்பையே ஆட்டியது. குட்டியைப் போல முனகிக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் முழங்காலில் மோவாயை வைத்தது. அம்மா துண்டை அதன் முகத்தில் போட்டாள். அடங்கிவிட்டது.

நான் இடுக்கியால் புழுக்களை எடுத்தேன். வலித்திருக்கும், அசையவில்லை. அம்மா எண்ணெய் தடவினாள், நான் களிம்பு தடவினேன். "இன்னா மாப்ள" என்று அம்மா ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்து துண்டை எடுத்தோம்.

நாய் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. எழுந்து கொட்டகைக்குள் போய்ப் பார்த்தது. கொல்லைப் பக்கம் போனது. தெருவில் இறங்கி ஆட்டோ போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்து, கட்டில் கிடந்த இடத்தில் படுத்து, முன்னங்கால்களுக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டது.

மறுநாள் அம்மா துண்டோடு போனபோது அது தலையைத் தூக்கவில்லை. துண்டைப் போடாமலே காதைத் தொட்டாள். உறுமவும் இல்லை. யார் தொட்டாலும், ஈ கடித்தாலும், மலையில் குரங்கு கத்தினாலும் அதற்கு ஒன்றுதான். துண்டுக்கு வேலை இல்லாமல் போனது. அம்மா அதைக் கொடியில் போட்டாள். பெரியப்பா வந்து பார்த்து, "இது யாருது?" என்று கேட்டார். அம்மா எண்ணெய்க் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு நாயிடம் போனாள்.

அவள் எண்ணெய் வைப்பதை நிறுத்தவில்லை. காலையும் சாயங்காலமும் வைத்தாள். உட்கார்ந்து வேப்பங்கொத்தால் ஈ ஓட்டினாள். கொட்டகைச் சாணியை விடியும்போதே வாரிக் குப்பைமேட்டில் போட்டு மண் தள்ளினாள். காது ஆறியது. பிளந்த இடம் கூடி, நுனியில் முடி கூட முளைத்தது. சோறு மட்டும் நாளுக்கு நாள் அப்படியே கிடந்தது. பாலில் பிசைந்து வைத்தாள், கறி வாங்கிவரச் சொல்லி வைத்தாள். நக்கிவிட்டு விட்டுவிடும்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது அம்மா வாசலில் காத்திருந்தாள். "நல்ல நேரத்துக்கு வந்த. குழி வெட்டணும்" என்றாள்.

கொல்லையில் வேப்பமரத்தடியில் வெட்டினேன். அந்தத் துண்டிலேயே சுற்றி எடுத்துவந்தோம். நான் மண்ணைத் தள்ளப் போனபோது, "இருடா" என்றாள். குழிக்குள் குனிந்து துண்டை விலக்கினாள். ஒரு காதைப் பிடித்து மடித்துப் பார்த்தாள். இன்னொரு காதையும் பார்த்தாள். கட்டை விரலால் நுனியைத் தடவிவிட்டாள்.

"ஆறிடுச்சி. பாரு" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பிறகு துண்டை இழுத்து முகத்தை மூடினாள்.