புளி போட்டுத் தேய்த்த இன்ஜின்

ஆன்லைன் ஏலத்தில் மாடல் ரயில் விற்கிறேன் என்று சொன்னால், ராசிபுரத்தில் எனக்குப் பெண் கொடுத்த வீட்டுக்கே இன்னும் விளங்கவில்லை. மாமனாருக்கு ஏலம் என்றால் பருத்தி மூட்டைக்கு நடப்பது. "பொம்மை ரயிலை எவனுங்க மாப்ள ஏலத்துல கேப்பான்?" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் முன்னால் கேட்டு வைப்பார். கேட்கிறார்கள். தலை நரைத்த பெரிய மனிதர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு குட்டி வேகனுக்காக அடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்கிறார்கள். பழைய ரயில்களை வாங்கி, ஓட்டிப் பார்த்து, படம் எடுத்து ஏலத்தில் போடுவது என் பிழைப்பு.

சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்களூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். மகளுடைய ஃபிளாட்டில் அவருடைய மாடல் ரயிலுக்குத் தண்டவாளம் விரிக்க இடமில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக் குடிலைச் சுற்றி அந்த ரயில் ஓடுமாம். பெத்லகேமுக்கு எப்போது லைன் போட்டார்கள் என்று பங்குச்சாமியார் கேலி செய்வாராம். முழுக்கப் பித்தளையில் செய்த நீராவி இன்ஜின், உள்ளே சின்ன மோட்டார். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒன்னே ஒன்னு தம்பி. கண்ணாடிப் பொட்டியில வச்சுப் பூட்டுறவனுக்குக் குடுத்துடாதீங்க. ஓட்டுறவனாப் பாத்துக் குடுங்க."

ஏலத்தில் ஆள் பார்த்துக் கொடுக்க முடியாது, யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குத்தான் என்று எடுத்துச் சொன்னேன். புரிந்தது போலத் தலையாட்டினார். ஆனால் பெட்டியை நீட்டியவர் கையை எடுக்கவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படம் போட்டதுமே ஏலம் சூடு பிடித்தது. முன்னால் நின்றவர் ஒரு சேகரிப்பாளர். தன் வீட்டுப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. தன்னிடம் வந்த எந்த இன்ஜினும் அதன் பிறகு ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை என்று பெருமை வேறு. தன் சரக்குக்கு அதிக விலை கேட்டவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வியாபாரி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் இன்ஜினின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எடுக்கப் போனால், மேசை மேல் இன்ஜின் குத்துவிளக்கு மாதிரி ஜொலிக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பித்தளையில் ஏறிய அந்தப் பழைய நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்கள். அது போனால் பாதி மதிப்பு போச்சு. வீடே அதிரக் கத்தினேன்.

என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். "ஏனுங்க இப்படிக் கத்தறீங்க? களிம்பேறிக் கெடந்துச்சு, புளி போட்டுத் தேச்சேன். கடல் தாண்டிப் போற பொருளை மூஞ்சி கழுவாமயா அனுப்புவாங்க?"

"மோட்டார்ல தண்ணி போயிருந்தா?"

"மேல மட்டுந்தானுங்க தேச்சேன். அந்தளவுக்குக் கூடவா எனக்கு அறிவில்ல?"

தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. ஆனால் பொய் சொல்லி விற்க முடியாது. புதிய படங்களைப் போட்டு, புளி போட்டுத் தேய்க்கப்பட்டது என்று உள்ளபடி எழுதினேன். புளி என்றால் என்ன என்றுகூட அந்தச் சேகரிப்பாளர் கேட்கவில்லை. கொலைக் குற்றத்தைக் கேள்விப்பட்டவர் போல ஒரே வரியில் விலகிக்கொண்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

பெரியவருக்குப் போன் போட்டு, கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "என் சம்சாரமும் தேய்க்கறேன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் கிட்ட விட்டதே இல்ல," என்றார். பிறகு, "விட்டிருக்கலாம் தம்பி," என்றார்.

கடைசியில் ஏலத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒருவர். பளபளப்பைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஓடுமா என்று மட்டும் கேட்டார். ஓடும் வீடியோவை அனுப்பினேன். அவருக்கே போனது. மனைவியிடம் சொன்னபோது, "இனிமே எல்லாத்தையும் தேச்சே குடுத்தறட்டுங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். கத்தியதற்கு அதோடு விட்டாளே என்று நிம்மதியாக இருந்தது.

சில வாரம் கழித்து வாங்கியவர் ஒரு வீடியோ அனுப்பினார். அறையைச் சுற்றித் தண்டவாளம், நடுவில் குட்டி மலை, மின்னிக்கொண்டு ஓடும் இன்ஜின். பெங்களூருக்குப் போய்விட்ட பெரியவருக்கு அதை அனுப்பி வைத்தேன். உடனே போன் வந்தது. அழப்போகிறார் என்று நினைத்து, ஆறுதலாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"வளைவுல என்ன தம்பி இவ்வளவு வேகம்? கவுத்துடுவான்! மலைக்கு முன்னாடியே கொறைக்கணும்னு அவனுக்கு இப்பவே எழுதுங்க!"

இத்தனை உரத்து அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எழுதுகிறேன் சார் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"கொறைச்சுட்டானா?"

வாங்கியவரின் ஊரில் அப்போது யாரும் விழித்திருக்கக்கூட மாட்டார்கள்.

"கொறைச்சுட்டாருங்க சார்," என்றேன். அதன் பிறகுதான் அவர் போனை வைத்தார்.