இரவல் அளவு

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஒரே வேலைதான் உண்டு: கொழுந்து பறிப்பது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்புக்குப் போனேன். பிறகு மஸ்கெலியா பஜாரில் ஒரு தையல்கடையில் தொழில் பழகச் சேர்ந்தேன். பழகுவது என்று பெயர்தான். பின்கட்டில் தையல்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பதும் ஹூக்கு தைப்பதும்தான் வேலை. மெஷினைத் தொட்டால் மனிதர் முறைப்பார்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தீபாவளி வரைக்கும் பாக்குறேன் புள்ள. அதுக்குள்ள மெஷின்ல ஒக்கார வைக்கலேன்னா, மறுநா காலையில பெரட்டுக்கு வந்துரு. கங்காணிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒருமுறை பேர் கொடுத்தால் அப்புறம் ஆயுசுக்கும் மலைதான்.

தீபாவளி நெருங்கியதும் கடையில் துணி குவிந்தது. வேறு வழியில்லாமல் தையல்காரர் எங்கள் லயத்துப் பெண்களின் ரவிக்கைகளை என்னிடம் தள்ளிவிட்டார். "ஒழுங்கா வந்துச்சுன்னா அந்தப் பழைய மெஷின் ஒனக்கு. இல்லேன்னா வீட்டோட இருந்துக்க."

அந்தக் காலத்தில் தையல்காரர்கள் பெண்களை அளவெடுக்க மாட்டார்கள். பெண்கள் ஒரு பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அதைத் துணிமேல் விரித்து வெட்ட வேண்டும். நானும் நூல் பிசகாமல் வெட்டித் தைத்தேன். கன்னியாஸ்திரிகள் பழக்கியபடி தையலுக்கு உள்ளே மட்டும் தாராளமாகத் துணி விட்டேன். துணியைத் தின்கிறேன் என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

ரவிக்கைகள் லயத்துக்குப் போன மறுநாளே பெண்கள் கடைக்குப் படையெடுத்து வந்தார்கள். ஒருத்திக்குக் கை ஏறவில்லை. இன்னொருத்திக்குத் தோள் நழுவியது. "நீங்க குடுத்த அளவுலதானே தச்சேன்?" என்று கேட்டதும் முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டார்கள். "தீபாவளிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வராத" என்றார் தையல்காரர்.

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அங்கே அம்மா புது ரவிக்கையில் ஒரு கையை நுழைத்துவிட்டு, மறுகை ஏறாமல் நின்றுகொண்டிருந்தாள். பெற்ற அம்மாவுக்குக்கூடச் சரியாகத் தைக்கத் தெரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அளவுக்குக் குடுத்தது என்னோடது இல்லடி" என்றாள் அம்மா. "பக்கத்துக் காம்பரா அக்காகிட்ட எரவல் வாங்குனேன். என்னோடதெல்லாம் கொழுந்துக்கூடை ஒரசி முதுகுல கிழிஞ்சு கெடக்கு. அத ஒரு ஆம்பள கையில எப்புடிக் குடுக்குறது? ஒனக்குந்தானே கடையில அவமானம்?"

லயம் முழுக்க இதே கதைதான். நல்ல ரவிக்கை வைத்திருந்தவளிடம் இல்லாதவள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபம் அவர்கள்மேல் இல்லை. மழையிலும் பனியிலும் மலையேறுகிறவள் கிழிந்த முதுகுக்காக ஏன் வெட்கப்பட வேண்டும் என்றுதான்.

அளவு நாடாவை எடுத்து முதலில் அம்மாவை அளந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். "என்னைய யாரும் இப்புடி அளந்து பாத்ததே இல்ல" என்றாள். பிறகு லயத்தின் அறை அறையாக, காம்பரா காம்பராவாகப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, கிழிசலை மறைக்காமல் என் முன்னால் நின்றார்கள். உள்ளே விட்டிருந்த துணி கைகொடுத்தது. சிலதைப் பிரித்து விட்டேன், சிலதைப் பிடித்துத் தைத்தேன். தீபாவளிக்கு முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

தையல்காரர் பாராட்டவெல்லாம் இல்லை. "இனிமே லயத்து அளவெல்லாம் நீயே எடுத்துட்டு வா" என்று சொல்லி அந்தப் பழைய மெஷின்மேல் கிடந்த துணிகளை ஒதுக்கினார். வீட்டில் வந்து அதைச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் விடியும் முன்பே பெரட்டுக்குத் தப்புமேளம் அடித்தார்கள். எனக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கொழுந்துக் கூடையை அப்பா மூலையிலிருந்து எடுத்தார். பேர் கொடுத்தே விட்டாரோ என்று நினைத்தேன். அவர் அதை அம்மாவிடம் நீட்டி, "ஒன்னோடது பிஞ்சு போச்சுல்ல, இத மாட்டிக்க" என்றார்.

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். நான் பஸ்ஸுக்கு இறங்கினேன்.