இரண்டு பெயரில் ஒரு வயலின்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. வீட்டில் எல்லாருக்கும் அவள் பெரியவள். தம்பிக்கு மட்டும் "பாட்டுக்கடை". அவன் சொல்வதிலும் தப்பில்லை. கல்லூரிக் காலத்து கேசட், அப்புறம் சிடி, அப்புறம் யார் யாரோ கொடுத்த ஹார்ட் டிஸ்க் என்று அவள் சேர்த்த பாட்டு ஓர் ஆயுசுக்குப் போதும். வேண்டிய நேரத்தில் வேண்டிய பாட்டு மட்டும் கைக்கு அகப்படாது.

அதற்காகத்தான் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி, டிவிக்குக் கீழே வைத்து, அதில் மீடியா சர்வர் போட்டாள். ஹாலில் உட்கார்ந்தும் கேட்கலாம். தம்பி தன் வீட்டிலிருந்து போனிலும் கேட்கலாம். போட்ட பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. ஒரே பாடகியின் பெயரை நாலு விதமாக எழுதியிருந்ததால் சர்வர் அவரை நாலு பேராக்கியிருந்தது. பாதிப் பாட்டுக்கு 'டிராக் 7' என்றுதான் பெயர். தாலாட்டுக்கு மேலே குத்துச்சண்டைப் படத்தின் அட்டை. விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து திருத்திப் பார்த்தாள், மாளவில்லை. கடைசியில், ஒலியைக் கேட்டே இது இன்னார் வாசித்தது என்று கண்டுபிடித்துப் பெயர் போடும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் அப்பாவைக் காணோம்.

'அப்பா' என்று ஒரு தொகுப்பு வைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு வயலின் பதிவு. அப்பா அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் வயலின் வாசித்தாராம். இடது கை விரல் மெஷினில் நசுங்கியதோடு எல்லாம் போயிற்றாம். மிஞ்சியது அந்த கேசட்தான். அவள் கல்யாணத்தில் அதைப் போட்டார்கள். தம்பி கல்யாணத்தில் போட்டார்கள். அப்பா போன அன்றும் போட்டார்கள். நடுவில் ஓரிடத்தில் நாற்காலி கிறீச்சிடும். அப்பா இருந்தவரை ஒவ்வொரு தடவையும் விரலைத் தூக்கி, "அது என் நாற்காலி" என்பார்.

இப்போது அந்தப் பதிவு வேறொரு ஆல்பத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வாசித்தவர் பெயர் அவள் வாயில் நுழையாத ஒரு பெயர். கீழே ஒரு கேள்வி: இதே பதிவு ஏற்கெனவே இருக்கிறது, ஒன்றை அழிக்கலாமா?

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மெஷினுக்கு என்ன தெரியும் என்று அந்த ஆல்பத்தைத் திறந்தாள். எலும்பு டாக்டர் கொடுத்த டிஸ்க்கில் வந்தது, அவள் கேட்டதே இல்லை. இரைச்சல் இல்லாமல் சுத்தமாக வயலின் எழுந்தது. நடுவில் நாற்காலி கிறீச்சிட்டது.

மறுபடி போட்டாள். அதே இடம், அதே கிறீச்.

அம்மா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா நிஜமா வயலின் வாசிச்சாரா?"

"எதுக்குக் கேக்கற?"

"அந்த கேசட்ல வாசிக்கறது வேற யாரோ."

அம்மா மறுக்கவில்லை. தலையணை உறையை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"ஆரம்பிச்சதே நான்தான்."

பெரியவள் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அச்சகத்துல வேலை பாக்கறவனுக்குப் பொண்ணு தர மாட்டேன்னுட்டார் உங்க தாத்தா. அவருக்கு சங்கீதம்னா உயிர். கேசட் பதியற கடையில யாரோ வாசிச்ச அந்த ஒண்ணை மட்டும் பதிஞ்சு வாங்கி, இது உங்கப்பா வாசிச்சதுன்னு போட்டுக் காட்டினேன். உங்கப்பாவுக்கே கல்யாணத்தன்னிக்குத்தான் விஷயம் தெரியும்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? தாத்தா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டார். பாக்கறவங்கெல்லாம் ஒண்ணு வாசிங்கன்னு கேப்பாங்க. வயலினை வித்துட்டேன், நேரமில்லேன்னு சொல்லிச் சொல்லி மனுஷன் திண்டாடிட்டார். விரல் நசுங்கி ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்போ என் காதுல என்ன சொன்னார் தெரியுமா? 'இனிமே யாரும் கேக்க மாட்டாங்க'ன்னார். நிம்மதியாத்தான் சொன்னார்."

"அந்த நாற்காலி?"

"என் நாற்காலின்னு சொன்னது அவரா சேத்துக்கிட்டது. நான் சொல்லிக் குடுக்கல."

அப்போது பார்த்துத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, அப்பா பாட்டு இருந்த இடத்துல யாரோ ஒருத்தர் போட்டோ வருது. உன் சர்வர் சொதப்புது, சரி பண்ணு."

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டான். வாசலிலேயே நின்றான்.

"அப்பா ரத்தம் உனக்குள்ள ஓடுதுன்னு சொல்லித்தானேம்மா என்னை வயலின் கிளாஸுக்கு இழுத்துட்டுப் போனே? வரலே, வரலேன்னு அழுதேனே. சோம்பேறின்னு அடிச்சியே."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியவளுக்கும் இது புதிதாக இடித்தது. தம்பியைச் சோம்பேறி என்று அவளும்தான் சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச காலம் அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வந்தான், சாப்பிட்டான், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனான். அம்மா அவன் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சர்வரில் இப்போது வாசித்தவருடைய பெயரே இருக்கிறது. கேசட்டிலிருந்து எடுத்த இரைச்சல் பதிவைப் பெரியவள் அழிக்கவில்லை, சர்வர் தொடாத இடத்துக்கு நகர்த்திவிட்டாள். இரண்டில் எதையும் அதற்குப் பிறகு அவள் போட்டுக் கேட்கவில்லை.